முட்டை வண்டியின் வெள்ளை

எங்கள் முதலாளிக்குக் கண்ணுக்கு ஒரு வெள்ளை. வலது கண்ணில் புரை எடுத்து லென்ஸ் வைத்தாகிவிட்டது. இடது கண்ணை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்திருந்தார். புரை எடுத்த கண்ணுக்கு வெள்ளையில் லேசாக நீலம் ஓடும். எடுக்காத கண்ணுக்கு அதே வெள்ளை பழைய வேட்டி மாதிரி தெரியும். இந்த இரண்டு கண்களை வைத்துக்கொண்டுதான் அவர் சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் ஒரு பவுடர் கோட்டிங் கம்பெனியை நடத்திக்கொண்டிருந்தார்.

பவுடர் கோட்டிங் என்றால் பெயிண்ட்தான், ஆனால் தண்ணியாக இருக்காது, மாவாக இருக்கும். பிசினையும் நிறப்பொடியையும் சேர்த்து உருக்கி, ஆறவைத்து, நைசாக அரைத்து எடுக்கிற மாவு. அதை இரும்புத் தகட்டின் மேல் துப்பாக்கி மாதிரி ஒன்றால் தூவி ஓவனுக்குள் அனுப்பினால், உருகித் தகட்டோடு தோலாக ஒட்டிக்கொள்ளும். நாமக்கல்லில் லாரி பாடி கட்டுகிறவர்களும் கோழிப்பண்ணைக்குக் கூண்டு செய்கிறவர்களும் எங்களிடம்தான் வருவார்கள். மாவு அரைப்பதும் நாங்கள், தகட்டில் பூசிக் கொடுப்பதும் நாங்கள்.

நான் வேதியியல் படித்தவள். அஸ்தம்பட்டியிலிருந்து காலையில் இரண்டு பஸ் மாறி அங்கே போய்ச் சேர்வேன். தரம் பார்ப்பது என் வேலை என்று சொல்லித்தான் எடுத்தார்கள். போன முதல் வாரத்தில் அங்கே தரம் எப்படிப் பார்க்கப்படுகிறது என்பதைக் கண்ணால் கண்டேன். முதலாளி தகட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போவார். வானத்தைப் பார்ப்பார். தகட்டைச் சாய்ப்பார். ஒரு கண்ணை மூடுவார், பிறகு மறு கண்ணை மூடுவார். வலது கண்ணால் பார்த்த நாளில் "நீலம் ஓடுது, கொஞ்சம் மஞ்சப் போடுங்க" என்பார். இடது கண்ணால் பார்த்த நாளில் "மஞ்ச தூக்குது, யாரு போடச் சொன்னது" என்பார். மிக்சர் மெஷினில் நிற்கிறவர்கள் பவுடரைக் கொட்டுவதற்கு முன்னால் "இன்னிக்கு எந்தக் கண்ணுங்க?" என்று என்னிடம் கேட்பார்கள். நான் அதை எல்லாம் தாங்குகிற ஆள் இல்லை.

நச்சரித்து நச்சரித்து ஒரு கலர் மீட்டரை வரவழைத்தேன். அதை விற்கிற கோயம்புத்தூர்க்காரர்கள் தீபாவளி வரைக்கும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சோதனைக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஒரு பெரிய இஸ்திரிப் பெட்டி அளவுதான் இருக்கும். தகட்டின் மேல் அதன் வாயை வைத்துப் பட்டனை அழுத்தினால் உள்ளே பளிச்சென்று ஒரு வெளிச்சம் அடிக்கும். பிறகு மூன்று எண்கள் வரும். ஒன்று வெளுப்பு எவ்வளவு என்பதற்கு. இன்னொன்று சிவப்பா பச்சையா என்பதற்கு. மூன்றாவது மஞ்சளா நீலமா என்பதற்கு. மேகம் மூடினாலும் அதே எண், வெயில் அடித்தாலும் அதே எண். எனக்கு அதன் மேல் பிரியமே வந்துவிட்டது.

முதலாளிக்கு வரவில்லை. "கண்ணு ரெண்டு இருக்குதுங்களே அம்மிணி, அப்பறம் இது எதுக்கு?" என்றார்.

"அதான் பிரச்சனைங்ணா. ரெண்டு இருக்குது" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்படும்படி பேசினால் கோபப்படாமல் இருப்பதும், ஒன்றும் சொல்லாமல் இருந்தால் காரணமில்லாமல் கத்துவதும் அவர் சுபாவம். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மெஷின் எப்படி வேலை செய்கிறது என்று கேட்டார். நானும் சொன்னேன். மெஷினோடு ஒரு சின்ன டப்பி வரும். அதற்குள் பீங்கானில் ஒரு வெள்ளை டைல் இருக்கும். தினமும் காலையில் மெஷினை முதலில் அந்த டைலின் மேல் வைத்து, இதுதான் வெள்ளை என்று அதற்குக் காட்ட வேண்டும். அதன் பிறகு அது பார்க்கிற எல்லா நிறமும் அந்த டைலை வைத்துத்தான். டைல் சரியாக இருந்தால் எல்லாம் சரி. டைல் கெட்டால் எல்லாம் கெட்டது.

அவர் டப்பியைத் திறந்து டைலை வெகுநேரம் பார்த்தார். "அப்ப மெஷினு உற்சவரு. இதுதான் மூலவரு" என்றார்.

கிண்டல் பண்ணுகிறார் என்று நினைத்துக்கொண்டு சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை, அதையும் நான் கவனிக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் முட்டை வண்டி ஆர்டர் வந்தது. நாமக்கல் பக்கத்துக் கோழிப்பண்ணைக்காரர் ஒருவர், முட்டை ஏற்றுகிற வண்டிகளுக்கெல்லாம் புதிதாகப் பாடி கட்டினார். அந்தத் தகடுகளுக்கு நாங்கள் நிறம் போட வேண்டும். என்ன நிறம் வேண்டும் என்று கேட்டதற்கு, சட்டைப் பையில் கையை விட்டு ஒரு முட்டையை எடுத்து மேஜையில் வைத்தார். அது உருண்டு ஓடப் பார்த்தது. ஸ்டேப்ளரை அணையாக வைத்தேன்.

"இந்த நெறம் வேணுமுங்க சாமி" என்றார் என்னிடம்.

"வெள்ளைங்களா?"

"வெள்ளைன்னு ஊருல எல்லாரும் அடிச்சு வெச்சிருக்கறாங்க. எனக்கு முட்ட வேணுமுங்க. ரோட்டுல வண்டி போனா முட்ட போகுதுன்னு தெரியோணும்."

அவர் போனதும் முதலாளி என்னைக் கூப்பிட்டார். "அம்மிணி, இந்த ஆர்டர உங்க மெஷினே பாத்துக்கட்டும். நான் கண்ணத் தொறக்கவே மாட்டேன். பண்ணைக்காரரு ஒரு லோடு கூடத் திருப்பாம எடுத்துக்கிட்டாருன்னா மெஷினு நம்மளுது. ஒரு லோடு திரும்புச்சுன்னா தீவாளிக்கு முன்னாலயே அவிங்க கையில குடுத்து அனுப்பிருவேன்." சரிங்ணா என்றேன். மெஷின் போனால் எனக்கு அங்கே என்ன வேலை என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் தெரியும். மெஷினைப் பார்க்கத்தான் சம்பளம், வாசலில் நின்று வானத்தைப் பார்க்க ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார்.

முட்டையை அளப்பது எவ்வளவு பெரிய தொல்லை என்று அளந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். மெஷினின் வாய் தட்டை. முட்டை உருண்டை. வைத்தால் ஓரமெல்லாம் வெளிச்சம் கசியும். கறுப்புத் துணியைச் சுற்றிப் பிடித்து அளந்தேன். அகலமான பக்கம் ஒரு எண், கூரான பக்கம் வேறு எண், நடுவில் மூன்றாவது எண். ஒரு முட்டை தனக்குத்தானே ஒத்துப்போவதில்லை என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். கடைசியில் எல்லாவற்றுக்கும் நடுவாக ஒன்றை எடுத்து, அதுதான் முட்டை என்று மெஷினில் பதிந்துவைத்தேன்.

அந்த எண்ணுக்குப் பவுடர் அரைத்து, ஒரு தகட்டில் பூசி, பண்ணைக்காரரிடம் காட்டினோம். அவர் பையிலிருந்து புது முட்டை ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "கொஞ்சம் மஞ்ச அடிக்குதுங்க" என்றார்.

எனக்குப் பகீரென்றது. மெஷினை வைத்துக் காட்டினேன், எண் மிகச் சரியாக இருந்தது. அவர் தலையை ஆட்டிவிட்டு, குடித்துக்கொண்டிருந்த டீ டம்ளரைப் பார்த்து, "இதுவும் மஞ்ச அடிக்குதுங்க" என்றார். டம்ளர் எவர்சில்வர். போகும்போது எங்கள் சுவரையும் அப்படியே சொன்னார், சுவர் இளநீலம். இது அவர் எல்லாவற்றுக்கும் சொல்கிற சொல் என்று புரிந்தபோது நிம்மதியாக இருந்தது. தகட்டை ஒப்புக்கொண்டார். அதைக் காகிதத்தில் சுற்றி, இதுதான் முட்டைத் தகடு என்று அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். முதல் லோடு போனது, திரும்பி வரவில்லை.

எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று என் வீட்டுக்காரர் சொன்னார். இருக்கலாம். இளம்பிள்ளையில் புடவை எடுக்கப் போய், முந்தானையும் உடலும் ஒரே பச்சை இல்லை என்று கடைக்காரரோடு மல்லுக்கு நின்றேன். அவர் வெயிலில் காட்டினார், டியூப்லைட்டில் காட்டினார். வெயிலும் டியூப்லைட்டும் சாட்சி ஆகாது என்றேன். கடைசியில் என்னைத் தவிர எல்லாருக்கும் பிடித்திருந்த புடவையை எடுத்துக்கொண்டு வந்தோம்.

பிறகு ஆயுத பூஜை வந்தது. எங்கள் கம்பெனியில் பூஜை என்றால் பொட்டு வாங்காமல் எந்தப் பொருளும் தப்ப முடியாது. ஓவனுக்குப் பொட்டு, அரவை மெஷினுக்குப் பொட்டு, தராசுக்கு, தண்ணி மோட்டாருக்கு, கம்ப்யூட்டருக்கு, கம்ப்யூட்டரின் மவுசுக்கு, கேட்டில் தொங்குகிற பூட்டுக்கு. முதலாளி தானே சந்தனக் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு வரிசையாக வருவார். முன்னாடியே அவரிடம் கறாராகச் சொல்லிவைத்திருந்தேன்.

"அண்ணா, எல்லாத்துக்கும் வைங்க. மெஷின மட்டும் தொடாதீங்க. கண்ணாடியில ஒரு துளி பட்டாப் போச்சு."

"தொட மாட்டேன் அம்மிணி."

மெஷினுக்குத் துணி போர்த்திவிட்டு, அது இருக்கும் மேஜையின் காலுக்கு மட்டும் வைக்க அனுமதி கொடுத்தேன். அவர் பவ்யமாகக் குனிந்து மேஜைக் காலுக்குச் சந்தனம் வைத்தார். நான் பொரியும் சுண்டலும் வாங்கப் போனேன். கொய்யாப் பழம் இருக்கிறதா என்று பார்த்ததில் கொஞ்சம் நேரமாகிவிட்டது.

விடுமுறை முடிந்து வந்து இரண்டாவது லோடுக்குப் பவுடர் அரைத்தோம். அதே பொருள், அதே அளவு. தகட்டில் பூசி அளந்தால் நீலம் ஓடுகிறது என்று மெஷின் சொன்னது. மறுபடி பூசினேன், மறுபடியும் நீலம். மூலப்பொருள் மாறியிருக்கும் என்று நினைத்து, மஞ்சள் பொடி துளி சேர்க்கச் சொன்னேன். அப்போதும் நீலம். இன்னும் துளி சேர்த்தோம். கடைசியில் எண் முட்டையோடு ஒட்டி வந்து நின்றது. எனக்குத் திருப்தியாக இருந்தது. பூசி முடித்த தகடுகள் ஷெட்டில் வரிசையாக நின்றன.

பண்ணைக்காரர் வந்தார். முட்டையை எடுத்தார். தகட்டின் பக்கத்தில் வைத்தார்.

"மஞ்ச அடிக்குதுங்க" என்றார்.

"நீங்க எதைத்தாங்க மஞ்ச அடிக்கலன்னு சொல்லியிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாதுதான். அவர் முட்டையை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் நகர்த்தினார். நான் மெஷினை வைத்து எண்ணைக் காட்டினேன். மெஷினைப் பார்த்தார், முட்டையைப் பார்த்தார். "மெஷினு முட்ட போடுமுங்களா சாமி?" என்றார்.

இந்த இடத்தில் முதலாளி எனக்கு எதிராகப் பேசுவார் என்று காத்திருந்தேன். அவருக்கு அல்வா மாதிரியான சந்தர்ப்பம். ஆனால் அவர் முன்னால் வந்து, "மெஷினு சொன்னாச் சரியாத்தானுங்க இருக்கும். அது தப்பு பண்றதுக்கு என்னங்க காரணம் இருக்குது? ஒரு காரணமும் இல்லீங்க" என்றார். குரல் கொஞ்சம் உரக்கவே இருந்தது. என் மெஷினுக்காக அவரே வாதாடினார். அந்த மனிதரிடம் அப்படி ஒரு நியாயத்தை நான் கண்டதே இல்லை.

பண்ணைக்காரர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லி எதிர்க்கடைக்கு டீ குடிக்கப் போனார். முதலாளி என்னை ஷெட்டின் ஓரத்துக்குக் கூப்பிட்டார். தகட்டுக்கு முன்னால் நின்று இடது கண்ணை மூடினார். பிறகு வலது கண்ணை மூடினார்.

"அம்மிணி" என்றார் மெதுவாக. "ரெண்டு கண்ணுக்கும் மஞ்சளாத் தெரியுது."

நான் அங்கே சேர்ந்த நாளிலிருந்து அவருடைய இரண்டு கண்களும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை.

அலமாரியைத் திறந்து முட்டைத் தகட்டை எடுத்தேன். பண்ணைக்காரர் ஒப்புக்கொண்ட அதே தகடு, காகிதம் கூடப் பிரியவில்லை. மெஷினை வைத்து அளந்தேன். அதுவும் நீலம் என்றது. இருட்டில் பூட்டிக் கிடந்த தகடு தானாக நீலமாக மாறாது. அப்படியென்றால் தகடு மாறவில்லை, வெள்ளை மாறிவிட்டது.

டைல் இருந்த டப்பியைத் திறந்தேன். பார்வைக்கு ஒன்றும் தெரியவில்லை, வெள்ளையாகத்தான் இருந்தது. ஆனால் வாசம் வந்தது. எங்கள் லேபில் பிசின் வாசம் வரும், சூட்டு வாசம் வரும், பொரித்த மிளகாய் பஜ்ஜி வாசம்கூட வரும். கோயில் வாசம் வந்ததில்லை. மூக்கருகே கொண்டுபோனேன். சந்தனம். டப்பியின் விளிம்பில் ஊசிமுனை அளவுக்குக் குங்குமம் ஒட்டியிருந்தது.

நான் திரும்பிப் பார்த்தபோது முதலாளி ஜன்னலுக்கு வெளியே ரொம்பவும் அக்கறையாக ஒரு காக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா."

"நீங்க சுண்டல் வாங்கப் போனப்பதான் அம்மிணி" என்றார், காக்காயிடமிருந்து கண்ணை எடுக்காமல்.

"தொடாதீங்கன்னு சொன்னேனுங்களே."

"மெஷினத் தொடாதீங்கன்னீங்க. நான் மெஷினத் தொடவே இல்லீங்களே. மூலவருக்கு வெக்காம மேஜக் காலுக்கு மட்டும் வெச்சா நல்லாவா இருக்கும்? மனசே கேக்கல. அப்பறம் வேட்டி நுனியில நல்லாத் தொடச்சுப்போட்டேன். பளபளன்னுதானுங்க இருந்துச்சு."

நல்லாத் துடைத்திருக்கிறார். சந்தனத்தை எடுக்கவில்லை, டைல் முழுக்கச் சமமாகத் தடவிவிட்டிருக்கிறார். கண்ணுக்குத் தெரியாத அந்த மஞ்சளைத்தான் தினமும் காலையில் நான் மெஷினுக்குக் காட்டி, இதுதான் வெள்ளை என்று சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பாவம், அது நம்பியிருக்கிறது. சந்தன மஞ்சள்தான் வெள்ளை என்று நம்பிய மெஷினுக்கு உண்மையான வெள்ளையெல்லாம் நீலமாகத் தெரிந்திருக்கிறது. நாங்கள் மஞ்சளைக் கொட்டிக் கொட்டி எல்லாத் தகட்டுக்கும் சந்தனம் பூசியிருக்கிறோம்.

எனக்கு வந்த கோபத்துக்கு அவரை என்ன வேண்டுமானாலும் சொல்லியிருப்பேன். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் சாமிக்குப் படைத்த பொங்கலில் உப்பைக் கொட்டிவிட்டவர் மாதிரி இருந்தது. வாயைத் திறந்தேன், சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்த பிறகுதான் மெஷின் போய்விடும் என்பது ஞாபகம் வந்தது. தனியாக இருந்திருந்தால் அழுதிருப்பேன்.

பண்ணைக்காரர் திரும்பி வந்ததும் முதலாளியே எல்லாவற்றையும் சொன்னார், எதையும் மறைக்கவில்லை. அவர் பொறுமையாகக் கேட்டார்.

"சாமி காரியம். தப்பில்லீங்க" என்றார். எனக்கு உயிர் வந்தது. "ஆனா முட்டைக்குச் சந்தனம் எதுக்குங்க? லோட எடுத்துக்க மாட்டனுங்க" என்று முட்டையைப் பையில் போட்டுக்கொண்டார்.

டைலைச் சோப்புத் தண்ணியில் கழுவி, மெல்லிய துணியால் ஒற்றி எடுத்தேன். முட்டைத் தகடு மறுபடி முட்டைத் தகடானது. பழைய அளவுக்கே பவுடர் அரைத்து, புதுத் தகடுகளில் பூசிக் கொடுத்தோம். பண்ணைக்காரர் பார்த்துவிட்டு, "இப்பவும் லேசா மஞ்ச அடிக்குதுங்க. பரவால்லீங்க" என்று எடுத்துக்கொண்டு போனார். சந்தன நிறத் தகடுகளைப் பிறகு யாரோ ஒருவர் கல்யாண மண்டபத்து அலமாரிக்கென்று கேட்டு வாங்கிப் போனார். ஆனால் ஒரு லோடு திரும்பியது திரும்பியதுதான். முதலாளி பேச்சு மாறாத ஆள் என்று பெயர் எடுத்தவர்.

தீபாவளிக்கு முந்தைய வாரம் கோயம்புத்தூரிலிருந்து கம்பெனிப் பையன் அட்டைப் பெட்டியோடு வந்து நின்றான். யார் கூப்பிட்டது என்று நான் கேட்கவில்லை. மெஷினை நானே துடைத்தேன். ஒயரைச் சுற்றினேன். பஞ்சு வைத்துப் பெட்டிக்குள் இறக்கினேன். டைல் டப்பியை மேலே வைத்து மூடப் போனபோது முதலாளி உள்ளே வந்தார். பெட்டியைப் பார்த்தார். டப்பியை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, என்னிடம் சொல்லாமல் அந்தப் பையனிடம் சொன்னார்.

"ஏனுங்க தம்பி, திருப்பி அனுப்பறேன்னுதான் சொன்னேன். இல்லன்னு சொல்லலீங்க. ஆனா இதுக்கு ஆயுத பூஜையில பொட்டு வெச்சுப்போட்டனுங்க. பொட்டு வெச்ச பொருள வெளிய அனுப்பற பழக்கம் எங்க ஊட்டுல இல்லீங்க."

பையன் பதறிப்போனான். "பொட்டா? எங்க சார் வெச்சீங்க?" என்று மெஷினைத் தூக்கி அதன் வாய்க்குள் எட்டிப் பார்த்தான்.

"இனிமே டப்பி மூடி மேல மட்டும்தான் தம்பி" என்றார் முதலாளி, என்னைப் பார்க்காமல். டப்பியை என் கையில் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போனார்.

நான் ஒயரைப் பிரித்து மெஷினைப் பழைய இடத்தில் வைத்தேன். டப்பியைத் திறந்து, பழக்கதோஷத்தில் ஒரு தடவை முகர்ந்து பார்த்துவிட்டு, வெள்ளை டைலின் மேல் மெஷினை வைத்துப் பட்டனை அழுத்தினேன்.